இடப்பக்கம் இல்லாத சாலை

தொண்டாமுத்தூர் தாண்டியதும் சொல்லிவிடலாம். தாண்டினால் வண்டிகள் குறைந்துவிடும், கத்திப் பேச வேண்டியிருக்காது. சொல்ல வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. வளர்மதி, இனிமேல் நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன். அவ்வளவுதான், ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஆனால் வளர்மதி ஏன் என்று கேட்பாள். கேட்காமல் விடுகிற ஆளா அவள், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து இருந்து எல்லாவற்றுக்கும் விசில் ஊதி நிறுத்திக் காரணம் கேட்டே பழகியவள். ஏன்க்கா, முழங்கால் வலியா என்பாள். முழங்கால் என்றே சொல்லிவிடலாமா. இருக்கையை இன்னும் கொஞ்சம் ஏத்துங்கக்கா, குதிகாலை மிதியில வெச்சா கால் நேரா நிக்கணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க என்று எனக்கே திருப்பிச் சொல்வாள். வேண்டாம், முழங்கால் என்று சொல்ல வேண்டாம். கண் என்று சொல்ல வேண்டும். கண் என்ற சொல்லை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன். காற்று முகத்தில் அடிக்கிறது. ஆனி மாதத்துப் பாலக்காட்டுக் காற்று, மலை இடைவெளியில் புகுந்து நேராக நெஞ்சில் வந்து கை வைத்துத் தள்ளுகிறது. இந்தக் காற்றுக்காகத்தான் ஒருவர் முன்னால் போவதும் மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி வருவதும். முகூர்த்த நாள் என்பதால் குழுவில் மற்றவர்கள் எல்லோரும் கல்யாணங்களுக்குப் போய்விட்டார்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேர்தான். முன்னால் நான், எனக்குப் பின்னால் புதிதாக வந்திருக்கிற ரிஸ்வானா, கடைசியில் வளர்மதி. வடவள்ளியில் கிளம்பும்போது இருட்டு முழுதாகப் பிரியவில்லை. இப்போது பாக்குத் தோப்புகளுக்கு மேலே மலை தெரிகிறது. நன்றாகவே தெரிகிறது. அதன் மடிப்பும் மடிப்பில் சிக்கிக் கிடக்கிற மேகமும் தெரிகின்றன, எதிரே தூரத்தில் வருகிற பஸ்ஸின் ஊர்ப்பெயரைக்கூடப் படிக்க முடிகிறது. நேராகப் பார்க்கிற எதுவும் எனக்குத் தெரியத்தான் செய்கிறது. அதுதான் இதில் இருக்கிற ஏமாற்று. என் இடது முழங்கைக்குப் பக்கத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் தலையைத் திருப்பாமல் எனக்குச் சொல்லத் தெரியாது.

வியாழக்கிழமை போனது கண்ணாடியின் பவர் மாற்றத்தான். சின்ன எழுத்து கலங்குகிறது, நான் பாடம் எடுக்கிற பாலிடெக்னிக்கில் பையன்கள் கொண்டுவருகிற வரைபடத்தில் அளவுகளைப் படிக்கச் சிரமமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஒரு பெட்டிக்குள் தாடையை வைத்து நேராகப் பார்த்துக்கொண்டு, வெளிச்சப்புள்ளி எங்கே தெரிந்தாலும் பொத்தானை அழுத்துங்கம்மா என்றார்கள். புள்ளி வரவேயில்லை. மிஷின் பழுது என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தேன். தூங்கீட்டீங்களாம்மா என்று பக்கத்தில் நின்ற பெண் தோளைத் தொட்டாள். பிறகு டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தபடியே, இத்தனை நாளா எப்பிடிங்க சமாளிச்சீங்க என்றாள். எதைச் சமாளித்தேன், எனக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது, இடது கண்ணில் முக்கால்வாசிப் பார்வை போய்விட்டது, வலது கண்ணிலும் மூக்கை ஒட்டிய பாதி தேய்ந்திருக்கிறது, போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டு இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். போனது திரும்பாது என்பதை ஏதோ பஸ் போய்விட்டது என்கிற மாதிரிச் சொன்னாள். ஆனால் எனக்கு ஒண்ணும் கறுப்பாத் தெரியலைங்களே டாக்டர் என்றேன். அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். உங்க முதுகுக்குப் பின்னாடி உங்களுக்குக் கறுப்பாவா தெரியுது என்றாள். இல்லைதான். முதுகுக்குப் பின்னால் கறுப்பும் இல்லை வெள்ளையும் இல்லை, அங்கே பார்ப்பது என்கிற காரியமே இல்லை. என் இடப்பக்கமும் முதுகாகிவிட்டது. எப்போது ஆனது என்று தெரியவில்லை. வலியோ எரிச்சலோ எதுவும் கிடையாது, வீட்டில் இருந்த ஒருத்தர் சொல்லாமல் எழுந்து போய்விட்ட மாதிரி. வண்டி ஓட்டுவீங்களா என்று கேட்டாள். சைக்கிள்ங்க டாக்டர். ரோட்லயா? ஆமாங்க, ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நாங்க ஒரு குழுவாப் போவோம், நான்தான் முன்னாடி போவேன். அவள் மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டே, இனி வேண்டாங்க என்றாள். குரலை உயர்த்தவேயில்லை.

முன்னால் போவேன் என்று ஏன் சொன்னேன். சைக்கிள் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போதும் எனக்கு அதுதான் முக்கியமாக இருந்திருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்த வருஷம், மகன் கௌசிக் காலேஜுக்கு வெளியூர் போய்விட்டான், அவனுடைய சைக்கிள் போர்டிகோவில் டயர் இறங்கி நின்றது, நானும் அதே மாதிரிதான் இறங்கிப்போய் நின்றேன். காலையில் எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று இருக்கும். ஒருநாள் விடிகாலையில் தெருவில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதை உருட்டிக்கொண்டு போனேன். துப்பட்டாவைக் குறுக்கே கட்டி ஊக்கு குத்தியிருந்தேன், ஆனால் பேண்டை மறந்துவிட்டேன், முதல் திருப்பத்திலேயே சங்கிலி அதைக் கவ்வி இழுத்துக் கிழித்தது. அதுதான் நான் பிறகு குழுவில் எல்லோருக்கும் சொன்ன முதல் யோசனை, வலது கால் பேண்டுக்கு ரப்பர் பேண்ட் போடுங்க. அதற்குப் பிறகு எத்தனை யோசனைகள். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்காதீங்க, அளவுமானி உள்ள பம்பு வாங்குங்க. மேடு வந்த பிறகு கியரை மாத்தாதீங்க, மேடு கண்ணில் பட்டதுமே மாத்துங்க. தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணி குடிங்க, அதுல உப்பும் எலுமிச்சையும் போட்டுக்குங்க. சங்கிலிக்கு எண்ணெயை ஊத்தக் கூடாது, கண்ணிக்கு ஒரு சொட்டு, அப்புறம் துணியால தொடச்சிடணும், வெளியில எண்ணெய் இருந்தா மண்ணுதான் ஒட்டும். பஞ்சு வெச்ச சைக்கிள் பேண்டுக்கு உள்ளே எதுவும் போடக் கூடாது என்று வாட்ஸப்பில் எழுதிய அன்றைக்குக் குழுவில் பெண்கள் சிரித்த சிரிப்பு. பகலிலும் பின்விளக்கை எரிய விடுங்க. கைப்பிடி நுனியில ஒரு கண்ணாடி மாட்டுங்க, வலப்பக்கம் போதும், பின்னாடி வர்ற லாரியைப் பார்க்கறதுக்கு. வலப்பக்கம் போதும் என்று நான்தான் எழுதினேன். இடப்பக்கத்தை யார் நினைத்தது. இடப்பக்கம் கூடவே இருக்கிறது, அது எங்கே போகப்போகிறது.

தொண்டாமுத்தூர் வந்துவிட்டது. கடைவீதி, பூக்காரி, வாழைத்தார் ஏற்றுகிற டெம்போ, அதற்குப் பக்கத்தில் ஆட்கள். வேகத்தைக் குறைத்துக்கொண்டு தலையை இடதும் வலதுமாகத் திருப்பித் திருப்பிப் போகிறேன், கோழி நடக்கிற மாதிரி இருக்குமோ பின்னால் இருந்து பார்க்க. மூன்று நாளாக இப்படிப் பழகிக்கொண்டிருக்கிறேன். பழகிவிட்டால் ஓட்டலாம் என்று ஒரு எண்ணம். குறை உள்ளவர்கள் எத்தனை பேர் என்னென்னமோ செய்கிறார்கள், தலையைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் போகிறது. இதைத்தான் வெள்ளிக்கிழமை முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சமையலறையில் டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினேன். மேடையில் டீ ஓடி விளிம்பில் சொட்டிய பிறகுதான் தெரிந்தது. உடனே அப்பா ஞாபகம். அப்பாவுக்குக் கண்டக்டர் வேலை, ஓய்வு பெற்ற பிறகு கொஞ்ச வருஷம்தான் இருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் சொம்பிலிருந்து தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றுவார். கவனமா ஊத்துங்கப்பா என்பேன். எல்லாரும் சொல்வோம். ஒருதடவை கொஞ்சம் கடிந்தே சொன்னேன், கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு போயிருந்தபோது, தண்ணீர் குழந்தைமேல் பட்டுவிட்டது என்று. அவர் ஈரமான இடத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கிறவர் மாதிரி. எங்கள் வீட்டில் அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை, வயசாச்சு என்றோம். இது பரம்பரையா வர்றதுங்க என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு அந்தத் தடவுகிற கைதான் முன்னால் வந்தது. அப்பா யாரிடமும் சொல்லாமல் போனார். சொல்லத் தெரியாமலா, சொல்லப் பிடிக்காமலா. நான் ஏன் சொல்லவில்லை. கடைவீதி முடிந்துவிட்டது, ஊர் தாண்டிவிட்டது, சாலை காலியாக இருக்கிறது. சொல்லலாம். பின்னால் ரிஸ்வானாவின் மூச்சு கேட்கிறது, சீராக இருக்கிறது, சொல்லிக்கொடுத்தபடி மூக்கால் இழுத்து வாயால் விடுகிறாள். அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது. வழக்கமாக நிற்கிற நரசீபுரம் டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம். டீக்கடைதான் சரி. நிதானமாக, கையில் டம்ளரோடு.

ரிஸ்வானா வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கரும்புக்கடை ஏரியாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறாள். குழுவில் சேர்ந்த நாளிலிருந்து கேள்விதான். அக்கா, உக்கார்ற இடம் வலிக்குதே, மெத்தை வெச்ச கவர் வாங்கட்டுங்களா. வேண்டாம்மா, பத்துப் பதினைந்து நாளில் சரியாகிவிடும், மெத்தை வைத்தால் தொடை உரசிப் புண்ணாகும். அக்கா, தலைத்துணிக்கு மேல ஹெல்மெட் நழுவுதே. மெல்லிய பருத்தித் தொப்பி ஒன்று தைத்துக்கொள், முடிச்சுப் பின்கழுத்துக்குக் கீழே வரட்டும். எதைச் சொன்னாலும் மறுநாளே செய்து படம் எடுத்து அனுப்புவாள். என் பேச்சை இப்படி நம்பி இதுவரை யாரும் கேட்டதில்லை, கௌசிக்கூடக் கேட்டதில்லை. போன வாரம் காற்றில் அவள் திணறியபோது நான்தான் சொன்னேன், என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்க. நேர் பின்னாடி வராத, நான் வேகத்தைக் குறைச்சா உன் சக்கரம் என் சக்கரத்தில உரசிடும். ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி வா. ரோட்டைப் பார்த்துப் பயந்துட்டு இருக்காத, என் கையைப் பாரு, குழியோ கல்லோ மணலோ, எதுவா இருந்தாலும் நான் காட்டுவேன். இப்போதும் அப்படித்தான் வருகிறாள், ஒரு சாண் இடப்பக்கம். அதாவது எனக்கு இல்லாத பக்கம். இதை ஏன் இப்போதுதான் யோசிக்கிறேன். யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது, காலையில் வடவள்ளியில் கிளம்பும்போதே ஒரு நொடி வந்தது, ரிஸ்வானா, நீ இன்னைக்கு வளர்மதி பின்னாடி வா என்று வாய்வரை வந்தது. அவள் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே, இன்னைக்கு உங்க பின்னாடி பூண்டி மலையடிவாரம் வரைக்கும் வந்துடுவேங்க்கா என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றே ஒன்று என்று எனக்குள் ஏதோ கெஞ்சியது. எதற்குப் பயப்படுகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. இருட்டுக்கா. இருட்டைப் பற்றி நினைத்தால் அடுப்புத் தீ, படிக்கட்டு, கௌசிக்குக்குப் பிறக்கப்போகிற பிள்ளையின் முகம் என்று என்னவெல்லாமோ வருகிறது. ஆனால் இந்த மூன்று நாளில் அதைவிட அதிகமாக நினைத்தது வேறு. முன்னால் போகாவிட்டால் நான் யார். எல்லோரும் கேள்வி கேட்கிற பூங்கோதை அக்கா இல்லாமல் போனால், போர்டிகோவில் டயர் இறங்கி நின்றவளிடம் திரும்பவும் போக வேண்டும். கண் போவதைவிட அதற்கா இவ்வளவு பயம். வெட்கமாக இருக்கிறது. மிதிக்கிறேன்.

டயருக்கு அடியில் இரண்டு மூன்று கற்கள் தெறிக்கின்றன. கல்லா, இங்கே ஏது கல், தார் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லையே என்று நினைத்து முடிப்பதற்குள் பின்னால் அந்தச் சத்தம். சரளை சரிகிற சத்தம், இரும்பு தரையில் உரசிக்கொண்டு போகிற சத்தம், நடுவில் அக்கா என்று ஒரு குரல். அந்தக் குரல் பாதியில் நின்றுவிடுகிறது. பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றி நிற்கிறேன். திரும்ப வேண்டும். கழுத்து திரும்ப மாட்டேன் என்கிறது. திரும்பினால் பார்த்துவிடுவேன். இடப்பக்கமாகத் தலையைத் திருப்பத் திருப்ப அங்கே ஒரு ஜல்லிக் குவியல் உண்டாகிறது, முதலில் அதன் சரிவு, பிறகு உச்சி, பிறகு அதன்மேல் சாய்த்து வைத்த சிவப்பு ட்ரம். ஒரு ஆள் உயரம் இருக்கிறது. குழாய் பதிக்கிற வேலைக்குக் கொட்டியிருக்கிறார்கள், சாலையின் இடது ஓரத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. இதன் ஓரத்தை உரசிக்கொண்டு நான் தாண்டி வந்திருக்கிறேன். அதன் சரிவின் ஓரத்தில் ரிஸ்வானா, சைக்கிள் அவள் கால்மேல் கிடக்கிறது, சக்கரம் இன்னும் சுற்றுகிறது.

வளர்மதி ஏற்கெனவே இறங்கி ஓடி, சைக்கிளை விலக்கி அவளை உட்கார வைத்துவிட்டாள். "அசையாத, அசையாத. தலை அடிபட்டுச்சா? என்னைப் பாரு, என் விரலைப் பாரு." ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்க்கிறாள், தலைக்கு ஒன்றுமில்லை. இடது மணிக்கட்டு மட்டும் ரிஸ்வானாவின் மடியில் வேறு யாருடைய கையோ மாதிரி வளைந்து கிடக்கிறது, பார்க்கும்போதே வீங்குகிறது. முழங்கையில் தோல் உரிந்து கல்துகள் ஒட்டியிருக்கிறது. வளர்மதி தன் துண்டை முக்கோணமாக மடித்து அவள் கழுத்தில் கட்டிக் கையைத் தொங்கவிடுகிறாள். நான் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறேன், யாரும் வாங்கவில்லை.

"ஏன்க்கா கை காட்டல?" வளர்மதி கட்டிக்கொண்டே கேட்கிறாள், என் பக்கம் பார்க்கவில்லை. "போன மாசமே ரெண்டு குழியக் காட்டாம உட்டீங்க. நான் சொன்னேன். சிரிச்சீங்க."

"தெரியல வளர்மதி."

"இவ்வளவு பெருசு கெடக்குது, ட்ரம்மு வேற நிக்குது. எங்க பார்த்துட்டு வந்தீங்க?"

"நேராத்தான் பார்த்துட்டு வந்தேன்." என் குரல் எனக்கே தூரத்தில் கேட்கிறது. "கவனிக்காம உட்டதில்ல. எனக்குத் தெரியறதில்ல. இடது கண்ணு போயிருச்சு. இந்தப் பக்கம் எனக்கு எதுவும் தெரியாது."

சொல்லிவிட்டேன். டீக்கடையும் இல்லை டம்ளரும் இல்லை. வளர்மதியின் கை முடிச்சில் அப்படியே நிற்கிறது. விசில் ஊதுவதற்கு இதில் எதுவும் இல்லை போலிருக்கிறது. ரிஸ்வானாதான் பேசுகிறாள். வலியில் பற்களைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக.

"உங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை தெரிஞ்சுட்டு ஞாயித்துக்கெழமை என்னையப் பின்னாடி கூட்டிட்டு வந்தீங்களா?"

"டீக்கடையில சொல்லலாம்னு இருந்தேன்மா."

"டீக்கடை எங்கயோ இருக்குதுங்க்கா. ஜல்லி இங்க இருக்குது." அவள் கண்ணில் நீர் வருகிறது, துடைக்க நல்ல கையைத் தூக்குகிறாள், அதிலும் மண். "ரோட்டைப் பார்க்காத, என் கையைப் பாருன்னு சொன்னீங்க. நான் ரோட்டப் பார்க்கவே இல்ல. உங்க கையத்தான் பார்த்துட்டே வந்தேன். எம்பையனுக்கு மூணு வயசுக்கா. பின்னாடி ஒரு லாரி வந்திருந்தா?"

லாரி வரவில்லை. அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. இந்தச் சாலையில் இந்த நிமிஷத்தில் ஒரு லாரி வராமல் போனது, அதற்கு மேல் எதுவுமில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வருகிறது, அந்தச் சொல்லை எடுத்துப் பார்க்கிறேன், அவளுடைய மணிக்கட்டுக்கு முன்னால் அது ரொம்பச் சின்னதாக இருக்கிறது. "என் தப்புதான்" என்கிறேன். வளர்மதி எழுந்துகொள்கிறாள். "நான் போய் எங்க வீட்டுக் காரை எடுத்துட்டு வர்றேன். ரெண்டு பேரும் இங்கயே இருங்க." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சைக்கிளைத் தொடாதீங்க" என்கிறாள். பிள்ளைகளிடம் சொல்கிற குரல். அவள் திரும்பி மிதித்துப் போகிறாள், நேராகப் போவதால் ரொம்ப தூரம் வரைக்கும் எனக்குத் தெரிகிறாள்.

சாலைக்கு எதிரே இருக்கிற வீட்டுப் பெண் கேட்டைத் திறந்து இரண்டு சைக்கிளையும் உள்ளே சாத்திக்கொள்ளச் சொல்கிறாள், உட்கார நாற்காலி போடுகிறாள். ரிஸ்வானா உட்கார்ந்து உடனே எழுந்துவிடுகிறாள். "உக்காந்தா உயிர் போகுது. நடக்கறேன். வர்ற வழியிலயே வளரக்கா ஏத்திக்கட்டும்." தொண்டாமுத்தூர்ப் பக்கமாக அவள் நடக்க ஆரம்பிக்கிறாள். நானும் நடக்கிறேன். காற்று இப்போது முதுகில் அடிக்கிறது. அவள் எனக்கு இடப்பக்கம் வருகிறாள் என்று செருப்புச் சத்தத்தில் தெரிகிறது, திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறேன். ஒரு தடவை சொல்லிவிட்டால் இரண்டாம் தடவை சுலபம் என்று நினைத்தேன், அப்படி ஒன்றுமில்லை. மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை அவருக்கு, ஞாயிற்றுக்கிழமையும் அரைநாள் திறந்திருப்பார், பின்னால் ஏதோ சுற்றுகிற சத்தம் கேட்கிறது. ஏனுங்க, பவர் மாறீருச்சுன்னு சொன்னது பொய்யிங்க என்கிறேன். இடது கண் என்கிறேன். அப்பாவுக்கு இருந்தது என்கிறேன். ரிஸ்வானா விழுந்ததையும் சொல்கிறேன். சுற்றுகிற சத்தம் நிற்கிறது. "டிவி பாக்கறப்ப நான் உனக்கு இடப்பக்கம் இருந்து டம்ளர நீட்டுனா நீ வாங்கவே மாட்ட," என்கிறார். "எத்தன நாளு நீட்டிட்டே உக்காந்திருக்கறேன். எம்மேல என்னமோ கோவம்னு நெனச்சுட்டு நானும் கேக்காம உட்டுட்டேன்." பிறகு, "அந்தப் புள்ளைக்கு எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு, வந்தர்றேன்" என்கிறார். போனை வைத்த பிறகும் காதிலேயே பிடித்துக்கொண்டு நடக்கிறேன். நீட்டிய டம்ளரோடு அவர் உட்கார்ந்திருக்கிறார், நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை சாயங்காலம். எனக்கு அது நடக்கவேயில்லை, அவருக்கு நடந்திருக்கிறது. இன்னும் யார் யாருக்கு என்னென்ன நடந்திருக்கும் இந்தப் பக்கத்தில். பார்த்துச் சிரித்தவர்கள், கையசைத்தவர்கள், நான் மதிக்காமல் போகிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்.

"நேராப் பாருங்க்கா." ரிஸ்வானாவின் குரல், சட்டென்று. "திரும்பாதீங்க. நேரா அந்தப் போஸ்ட்டப் பாருங்க."

நிற்கிறேன். கரண்ட் கம்பத்தைப் பார்க்கிறேன், அதன்மேல் ஒட்டிய கல்யாண நோட்டீஸைப் பார்க்கிறேன்.

"என் கை தெரியுதா?"

"எந்தக் கை?"

"நல்ல கை. நீட்டிட்டுத்தான் இருக்கறேன். தெரியுதா?"

"இல்லம்மா."

செருப்பு ஒரு அடி முன்னால் வைக்கிற சத்தம். "இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல."

இன்னும் ஒரு அடி. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து நான்கு விரல்கள் வருகின்றன, மண் ஒட்டிய விரல்கள், நகத்தில் பழைய மருதாணி. "தெரியுது," என்கிறேன்.

தலையைத் திருப்புகிறேன், அவள் அங்கேயே நிற்கிறாள். தன் காலைப் பார்க்கிறாள், என் காலைப் பார்க்கிறாள், நடுவில் இருக்கிற தூரத்தைப் பார்க்கிறாள். "இவ்வளவு முன்னாடியா," என்கிறாள். குரலில் இருந்தது என்ன என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு மொபெட் எங்களைத் தாண்டிப் போகிறது, பால்கேன்கள் இடித்துக்கொள்ளும் சத்தம் தேய்ந்து முடிகிறது.

"எனக்குக் கோவம் போகலைங்க்கா," என்கிறாள்.

"தெரியும்."

"போயிரும்னும் சொல்ல மாட்டேன்."

"சரிம்மா."

அவள் திரும்பி நடக்கிறாள். பக்கத்துக்கு வரவில்லை, விலகியும் போகவில்லை, விரல்கள் தெரிய ஆரம்பித்த இடத்திலேயே, என்னைவிட அந்த அளவு முன்னால் தள்ளி நடக்கிறாள். தொங்குகிற கையை மறு கையால் தாங்கிக்கொண்டு, வலியில் தோள் ஒருபக்கம் ஏறியிருக்க, மெதுவாக. அவளுடைய வேகத்துக்கு நானும் காலை வைக்கிறேன். பாக்குத் தோப்பு முடிந்து ஒரு மண்பாதை வந்து சேர்கிற இடம், பார்த்து நடக்க வேண்டும் என்று தலையைத் திருப்பப் போகிறேன்.

"மாடு வருது," என்கிறாள் ரிஸ்வானா, திரும்பாமலே. "இடப்பக்கம். நில்லுங்க."

நிற்கிறேன்.